நிற்காத தம்புரா

என் வீட்டில் நான் பாட்டுக் கேட்கும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. மதுரை வெயிலில் இப்படி ஒரு சட்டம் வைத்திருக்கும் ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விசிறிச் சத்தம் வீணைத் தந்தியின் நீண்டு அடங்கும் கார்வையைத் தின்றுவிடும் என்பது என் கட்சி. "நீங்க வேர்த்து ஊத்திக்கிட்டுக் கேளுங்க, நான் எதுக்கு வேகணும்?" என்பது என் மனைவியின் கட்சி. அவள் எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பாட்டு என்றால் அவளுக்குச் சினிமாப் பாட்டுதான். அதுவும் கை வேலை பார்க்கும்போது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போதும். நான் கேட்பதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் ‘இழுவை’.

நானும் ஒன்றும் சங்கீதப் பரம்பரை இல்லை. எங்கள் குடும்பத்துக்கு வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் தென்னையும். வேலை கிடைத்து மதுரைக்கு வந்த புதிதில், ஒரு நவராத்திரி சமயம் மழைக்கு ஒதுங்கிய மண்டபத்தில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மழை விட்ட பிறகும் எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை. அன்று பாடியது என்ன ராகம் என்றுகூடத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுநாளும் போனேன், அப்படியே பழகிவிட்டது. ஊரில் இருந்து வரும் பங்காளிகள் "என்னப்பா, அய்யர் ஆயிட்டயா?" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்து வைப்பேன்.

ஆனால் அத்தனை வருஷமும் நான் எதைக் கேட்டேன் என்று இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து மைக் செட்டுக்காரர்களுக்குச் சத்தம் என்றால் அது அடுத்த ஊருக்குக் கேட்க வேண்டும். பாடுகிறவர் வாயில் மைக், வயலின் வயிற்றில் மைக், மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் மைக். எல்லாம் சேர்ந்து குழாய் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும்போது இட்லி மாவு மாதிரி ஒரே குழைவாக இருக்கும். பாடகர் கண்ணை மூடி மேல் ஸ்தாயியில் நிற்கிற நேரம் பார்த்து, "வாசலில் பாதையை மறித்து நிற்கும் சிவப்புக் காரை உடனடியாக எடுக்கவும்" என்று ஒருவர் குறுக்கே வருவார். ராகத்தின் நடுவில் பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்தியவர் யார், அவர் எந்த ஊர், அவருடைய அண்ணன் என்ன பதவியில் இருக்கிறார் என்பதெல்லாம் மைக்கில் சொல்லப்படும். வீட்டுக்கு வந்தால் கேசட். அது வெயிலில் இளகி, சுருதி இறங்கி, பெண் பாடியது ஆண் குரலாகிவிடும். அப்புறம் இணையம் வந்தது. அங்கே கிடைத்ததும் அந்தக் கேசட்டுகளின் நகலின் நகல்தான்.

இந்தக் கூட்டத்தில் தம்புரா என்று ஒன்று இருக்கிறதே, அதை நான் கண்ணால் பார்த்ததோடு சரி. பாடுகிறவருக்குப் பின்னால் ஒருவர் அதை அணைத்தபடி உட்கார்ந்திருப்பார், விரல் அசையும். சத்தம் ஒருநாளும் என்னை எட்டியதில்லை. சுருதிப் பெட்டி வந்த பிறகு அந்த விரலும் இல்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. கேட்டிராத ஒன்று இல்லை என்றால் யாருக்கு வருத்தம் வரும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் போன் செய்தான். வாடிப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பிலேயே இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவன் அவன்தான். "டேய் மாப்ள, ஒரு சமாச்சாரம் சிக்கியிருக்கு. நீ கேட்டயின்னா சோறு தண்ணி இறங்காது" என்றான். அவனுக்குப் பழக்கமான ஒரு வங்கி மேலாளர் இறந்துபோயிருந்தார். அந்த மனிதர் வேலை பார்த்த ஊரிலெல்லாம் வித்வான்களை வீட்டுக்கு அழைத்துக் கூடத்தில் பாட வைத்திருக்கிறார். ஒலிபெருக்கி கிடையாது. இருபது முப்பது பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். இரண்டே இரண்டு நல்ல மைக்கைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, பெரிய சுருள் டேப்பில் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் அவற்றை முறையாகக் கணினிக்கு மாற்றி, வேண்டியவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று என் சிநேகிதனிடம் வந்து, அவனிடமிருந்து எனக்கு வந்தது.

பிரதி வந்த மறுநாள் காலை விசிறியை நிறுத்திவிட்டு முதல் பதிவைப் போட்டேன். பாட்டு ஆரம்பிக்கவே இல்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மிருதங்கத்தைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது. எங்கள் வீட்டுக் காக்கை என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் தம்புரா வந்தது. முதலில் அது தம்புரா என்றே எனக்குத் தெரியவில்லை. கூடத்துக் காற்றே கனத்துவிட்டது போல இருந்தது. நாலு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று அடங்கும் முன் அடுத்தது. மீட்டுகிற பெண்ணின் வளையல் தண்டில் உரசுவதுகூடக் கேட்டது. பிறகு பாடுகிற அம்மாள் மூச்சை இழுத்து, சகானா ராகத்தில் முதல் வார்த்தையை வைத்தார். பாட்டு அந்தத் தம்புராவுக்குள்ளேயிருந்து எழுந்து வருவதைக் கேட்டேன். இத்தனை வருஷமாகப் பாட்டு அந்தரத்தில் நின்றது என்றும், அதற்கு ஒரு தரை இருக்கிறது என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. அழுதேன். அறுபது தாண்டினவன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த நேரத்தில் சமையலறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மனைவி பிரிட்ஜை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "பிரிட்ஜு ஒரு மாதிரி இரையுது. மோட்டார் போயிருச்சு போல" என்றாள். தம்புராவைத்தான் சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தோசை மாவு புளித்துப்போனதும் அவளுக்கு வந்த கோபம் அதைவிடப் பெரிது.

அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. காலை காபி குடித்ததும் ஒரு பதிவு. வேறு எதைக் கவனித்தேனோ இல்லையோ, தம்புராவைக் கவனித்தேன். போகப் போக எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வங்கி மேலாளர் பதிவு செய்திருக்கிற அழகே தனி. பாட்டு முடிந்து, எல்லோரும் எழுந்த பிறகும், தம்புராவை வெகுநேரம் ஓட விட்டிருக்கிறார். என்ன ஒரு ரசனை என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

சிநேகிதன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். இருவரும் உட்கார்ந்து ஒரு தோடி கேட்டோம். முடிந்தது. அவன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். "உக்காருடா மாப்ள, என்ன அவசரம்? தம்புரா இன்னும் ஓடுது. பாட்டு முடிஞ்ச பிறகும் எம்புட்டு நேரம் விட்டு வச்சிருக்காரு பாரு" என்றேன்.

அவன் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தான். "எங்கடா ஓடுது?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஒண்ணும் கேக்கலயே. கம்முன்னு கிடக்கு."

எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கணினியை மூடினேன். கேட்டது. தெருவுக்கு வந்து நின்றேன். ஆட்டோ போனது, பால்காரர் மணி அடித்தார். இரண்டுக்கும் அடியில் தம்புரா ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே காதைக் காட்டப் போனேன்.

காது பரிசோதிக்கும் இடத்தில் ஓர் இளம்பெண் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பல சத்தங்கள் எனக்கு வரவே இல்லை. வெளியே வந்ததும், "காதுல இரைச்சல் இருக்குதா சார்?" என்று கேட்டாள். "இரைச்சல் இல்ல, தம்புரா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. காது நரம்பு தளரும்போது இப்படி ஒரு சத்தம் தானாக உண்டாகும், சிலருக்கு வண்டு, சிலருக்குக் குக்கர், பழகின சத்தத்தை வைத்து மூளை மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னாள். இது சரியாகாது, கேட்கும் திறன் மெதுவாக இன்னும் குறையும் என்பதையும் சொன்னாள். இரண்டு காதுக்கும் கருவி மாட்டிக்கொள்ள வேண்டும்.

மாட்டிக்கொண்டேன். பேச்சு நன்றாகக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சண்டைகூடத் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து ஆசையாக அந்தச் சகானாவைப் போட்டேன். தம்புரா முதல் சில விநாடி ஒலித்தது. அப்புறம் யாரோ கதவைச் சாத்துவது போல மெல்ல மெல்லத் தேய்ந்து காணாமல் போய்விட்டது. காது பரிசோதித்த பெண்ணிடம் திரும்பப் போனேன். "விடாம ஒரே மாதிரி வர்ற சத்தத்த மிஷின் இரைச்சல்னு எடுத்துக்கும் சார். ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி. அதைக் குறைச்சுட்டுப் பேச்சை மட்டும் தூக்கிக் குடுக்கும்" என்றாள். பாட்டுக்கென்று தனியாக ஓர் அமைப்பும் வைத்துக் கொடுத்தாள். அதில் தம்புரா வந்தது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து மீட்டுவது போல. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் மனைவிக்கு அது பிரிட்ஜ், மிஷினுக்கு அது விசிறி, எனக்கு அது உயிர். இந்த மூன்றில் நான் மட்டும்தான் சரி என்று யாரிடம் வாதாடுவது?

பாட்டுக் கேட்கும் நேரம் கருவியைக் கழற்றி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். குரல் வந்தது, வயலின் வந்தது. தம்புரா மட்டும் குழப்பியது. இது டேப்பில் இருப்பதா, என் தலைக்குள் இருப்பதா? ஏமாந்துபோகிறோமோ என்ற எண்ணம் வந்துவிட்டால் சங்கீதம் கேட்க முடியாது. உண்மைத் தம்புரா இன்னும் எனக்குக் கேட்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்த ஒரே சேதி. அது போய்விட்டால், கிடைத்த தரையும் போச்சு.

அதைச் சொல்ல வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. என் மனைவி வாயிலிருந்து ஒப்புக்கு ஒரு வார்த்தை வராது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "சட்டை நல்லாத்தான் இருக்கு" என்பாள். எனக்குப் பதவி உயர்வு வந்தபோது, "இம்புட்டு நாள் கழிச்சா?" என்று கேட்டவள். சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பில்லை என்று மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே சொன்னவள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

தினமும் காலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குவேன். அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். "கேக்குதா?" என்பேன். ஒலி கூட்டி வைத்திருந்ததால் அவள் குரலை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும். "கேக்குது" என்பாள். அல்லது, "ஒண்ணும் இல்ல. பாட்டு முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு. எந்திரிங்க" என்பாள். முதலில் சலித்துக்கொண்டுதான் வந்தாள். நாளாக ஆக, நான் கேட்காததையும் சொன்னாள். "நாலு தட்டு தட்டுறா. கடைசித் தட்டு மட்டும் தரைக்குள்ள போகுது" என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், "பாடுறவுக நடுவுல நடுவுல நிறுத்திக்கிறாக. பின்னாடி இருக்கவ நிறுத்தவே இல்லையே, அவளுக்குக் கை வலிக்காதா? அவ பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். போடவில்லை. பாடியவர், வயலின், மிருதங்கம் எல்லோர் பெயரும் இருந்தன. அவள் பெயர் இல்லை. "அதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இழுவை என்று சொல்வதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள்.

இந்த மார்கழியில் ஒரு காலை. மறுபடியும் அந்தச் சகானாவையே போட்டேன். கருவி இரண்டும் டப்பாவில். ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். குரல் மேலே போய், சுற்றி, மெதுவாக இறங்கியது. அந்த இடத்தில் அந்த அம்மாள் வழக்கமாகக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், தம்புரா மட்டும் ஓடும். அது ஓடியது. அவ்வளவு நிறைவாக அதைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. நாலு தந்தியும் தனித்தனியாக வந்தன. கடைசித் தட்டு தரைக்குள் போனது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் அவள் வந்து நிற்பது புடவைக் காற்றில் தெரிந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டேன்.

"கேக்குதா?"

கொஞ்சம் தாமதமானது. பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"கேக்குது. நல்லாக் கேக்குது."

அவள் ‘நல்லா’ என்று சொன்னதே எனக்குப் பரிசு மாதிரி இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அம்மாள் மறுபடி பாட ஆரம்பிக்கவில்லை. நானாக எழுந்தேன். கருவிகளை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போனேன்.

தட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இருந்தன. சட்னியைத் தொட்டு வாயில் போட்டதும் பல்லில் தேங்காய்த் துண்டு நெருநெருத்தது. பாதிதான் அரைந்திருந்தது. பொட்டுக்கடலை ஒன்று முழுசாகவே கிடந்தது. என்ன இது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பது உறைத்தது. கருவி மாட்டிய காதுக்குப் பிரிட்ஜ் எப்போதும் கேட்கும். இப்போது கேட்கவில்லை. அதன் விளக்கு எரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மாசாந்திர பராமரிப்பாம், சாயங்காலம்தான் வருமாம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிக் கூடத்தைப் பார்த்தேன். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கருக்கு உயிர் இல்லை.

மின்சாரம் எப்போது போனது என்று அவளிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. மிக்ஸி பாதியில் நின்ற பிறகுதான் அவள் அந்தச் சட்னியை வழித்தெடுத்துத் தாளித்திருக்கிறாள். நான் வந்து உட்காரும்போது தாளிப்பு ஆறிப்போயிருந்தது. மிக்ஸி நின்றதைச் சொல்லத்தான் கூடத்துக்கு வந்திருப்பாள். சத்தமே இல்லாத பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிற என்னைப் பார்த்திருப்பாள். நான் கேட்டதும், நல்லாக் கேக்குது என்று சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் உப்பில்லை என்று சொன்ன வாய்.

எனக்குப் பயமாக இருந்தது. இனிமேல் நான் யாரைக் கேட்பேன்? நாளைக்கு அவள் கேக்குது என்று சொன்னால் அது தம்புராவா, என் மேல் உள்ள இரக்கமா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இருந்த ஒரே சாட்சியும் என் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தப் பயத்தின் கூடவே, இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளிடமிருந்து வராத ஒன்று வந்துவிட்டதே என்ற சந்தோஷமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததால் எதற்காகக் கண் கலங்குகிறது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் அடுப்படியிலிருந்து இன்னும் இரண்டு இட்லி கொண்டுவந்து தட்டில் வைத்தாள். என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "பொடி வைக்கட்டுமா?" என்றாள்.

கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, இட்லி மேல் நிறைய ஊற்றிக்கொண்டேன். ஒரு வாய் மென்று, தேங்காய்த் துண்டை அப்படியே விழுங்கினேன்.

"எதுக்குப் பொடி? சட்னிதான் நல்லா அரைஞ்சிருக்கே."